பிசாங்கா முட்டை: ஒரு சாயக்காரியின் திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

குருத்தோலை ஞாயிறன்று வந்த உங்கள் இணைப்பிதழின் நடுப்பக்கத்தில் 'ரஷ்ய ஈஸ்டர் முட்டைகள்' என்ற கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் அந்தப் படங்களில் பெரும்பாலானவை உக்ரைன் நாட்டின் பிசாங்கா முட்டைகள். அவற்றை 'நுண்ணிய தூரிகையால் வண்ணம் தீட்டுகிறார்கள்' என்று எழுதியிருந்தீர்கள். தூரிகைக்கு அங்கே வேலையே இல்லை. கடைசியில் குழந்தைகளுக்கான குறிப்பு என்று, முட்டையை அவித்து, போஸ்டர் கலர் அடித்து, விளையாடிவிட்டு உரித்துச் சாப்பிடலாம் என்றும் போட்டிருந்தது. முதல் இரண்டும் தகவல் பிழை. மூன்றாவது பிள்ளைகள் வயிற்றுக்குள் போகிற சமாசாரம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் துண்டுத் துணியின் ஷேடுக்கு நம் சாயத்தைப் பொருத்தி, லேப் டிப், அதாவது சாயமேற்றிய மாதிரித் துணி, போட்டு அனுப்புவது என் வேலை. சாயத்தில் ஒரு சொட்டு கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று பார்த்தே தலை நரைத்தது. பிசாங்காவை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது எனக்கு அது ஓவியமாகத் தெரியவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய சாயமாகத்தான் தெரிந்தது. முட்டைக்கு வண்ணம் பூசுவது ஒரு வேலை, சாயம் ஏற்றுவது வேறு வேலை. உங்கள் கட்டுரை விட்டுவிட்டது இந்த இரண்டாவதைத்தான்.

முதலில் வேண்டியது தேன்மெழுகு. கிஸ்ட்கா என்று ஒரு கருவி உண்டு. பென்சில் நீளத்துக்கு ஒரு குச்சி, அதன் நுனியில் பித்தளைத் தகட்டைச் சுருட்டிக் கம்பியால் கட்டிய சின்னப் புனல். புனலைச் சுடரில் காட்டிச் சூடாக்கி, மெழுகுக் கட்டியில் குத்தி எடுத்து, மறுபடியும் சுடரில் காட்டினால் மெழுகு உருகி ஊசித்துளை வழியாக இறங்கும். அதைக்கொண்டு வெள்ளை முட்டையின் மேல் கோடு இழுக்க வேண்டும். கருவி பிடித்த கை அசையாமல் இருக்க, முட்டையைத்தான் மெல்லத் திருப்ப வேண்டும். சுடரின் கரி பட்டு மெழுகு கறுத்துவிடுவதால் வெள்ளை ஓட்டின் மேல் கோடு நன்றாகத் தெரியும்.

இப்படி முதலில் போடும் கோடுகள் எல்லாம் கடைசியில் வெள்ளையாக நிற்கப் போகிறவை. பிறகு முட்டை மஞ்சள் சாயத்தில் இறங்கும். மஞ்சளாக நிற்க வேண்டிய இடங்களை மெழுகால் மூடிவிட்டு ஆரஞ்சில் போடுவார்கள். ஆரஞ்சு நிற்க வேண்டிய இடத்தை மூடி, சிவப்பு. சிவப்பை மூடி, கறுப்பு. வெளுப்பிலிருந்து அடர்த்திக்குத்தான் போக முடியும், திரும்பி வர வழியில்லை. ஒரு மெழுகுத் துளி தவறி விழுந்தால் விழுந்ததுதான், அழிக்க முடியாது. அதைப் பூவாகவோ நட்சத்திரமாகவோ மாற்றி மேலே போக வேண்டும்.

பச்சையும் நீலமும் இந்த வரிசையில் அடங்காதவை. அதற்கு உக்ரைன் கிராமத்துப் பெண்கள் கண்டுபிடித்த வழியைப் பார்த்து நான் அசந்துபோனேன். மஞ்சள் ஏறிய பிறகு, இலை வர வேண்டிய இடத்தில் மட்டும் பச்சைச் சாயத்தைக் குச்சியால் தொட்டு வைத்து, காய்ந்ததும் அந்த இலையை மெழுகால் மூடிவிடுவார்கள். இலைக்கு வெளியே வழிந்த பச்சை என்ன ஆகும்? அடுத்த ஆரஞ்சுத் தொட்டி அதை விழுங்கிவிடும். ஷேடு கெட்டுப்போன துணியை வேறு நிறத்தில் முக்கிச் சரிக்கட்டுகிற வித்தையை எங்கள் மாஸ்டர்கள் வருடக்கணக்கில் கற்றுக்கொள்கிறார்கள். அதை மேற்கு உக்ரைனின் கார்பாத்திய மலைக் கிராமங்களில் பெண்கள் அடுப்பங்கரையிலேயே செய்திருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்ததும் கையில் இருப்பது மெழுகு அப்பிய கறுப்பு உருண்டை. அதைச் சுடருக்குப் பக்கவாட்டில் காட்ட வேண்டும். சுடருக்கு மேலே காட்டினால் கரி படிந்துவிடும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி சூட்டில் உருகுவது. மெழுகு பளபளக்கத் தொடங்கியதும் மெல்லிய துணியால் துடைத்தால், அடியில் பூட்டி வைத்த வெள்ளை, மஞ்சள், பச்சை, சிவப்பு எல்லாம் அங்கங்கே வெளிவரும். மற்றவர்கள் மகிழ்ச்சியாகப் பார்ப்பார்கள். நான் இன்றைக்கும் பதற்றத்தோடுதான் பார்க்கிறேன், ஏதாவது ஒரு கோட்டின் கீழே சாயம் புகுந்திருக்குமோ என்று.

சாயம் எப்படிப் பிடிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வாசகர்களில் பட்டறைக்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பனியன் துணிக்கு உப்பும் சோடாவும் போடுகிறோம். முட்டைக்கு வினிகர். ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத புரதப் படலம் ஒன்று உண்டு. புளிப்பு சேர்ந்தால் அந்தப் படலம் ஆசிட் சாயத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பட்டுக்கும் கம்பளிக்கும் போடுவதும் இதே வகைச் சாயம்தான். அந்தப் படலம் இருக்க வேண்டுமானால் முட்டையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கக் கூடாது. கழுவிய முட்டையில் சாயம் திட்டுத் திட்டாக ஏறும்.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவள் என் அக்கா மகள். உக்ரைனின் மேற்கே இவானோ-பிராங்கிவ்ஸ்க் நகரத்தில் மருத்துவம் படித்தாள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அந்த நாட்டில் படித்தது உங்களுக்குத் தெரியும். அவள் குடியிருந்த வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு பிசாங்கா செய்ய உட்காருவாராம். அன்றைக்குக் காலையிலிருந்தே யாரிடமும் கடிந்து பேச மாட்டாராம். கோபத்தோடு செய்தால் முட்டையில் நல்லது தங்காது என்பது அங்கே வழிவழியாக வந்த நம்பிக்கை. இவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அங்கிருந்து அதிக தூரமில்லாத கொலோமியா ஊரில், முட்டை வடிவிலேயே கட்டிய பிசாங்கா அருங்காட்சியகம் இருக்கிறது. 2000-ல் கட்டியது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் இவளைக் கூட்டிப்போனார்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா படையெடுத்துப் போர் தொடங்கியது. முதல் நாளே அந்த ஊர் விமான நிலையத்தின் மேல் குண்டு விழுந்தது. பஸ்ஸிலும் நடையிலுமாக ருமேனியா எல்லையைத் தாண்டி, இந்திய அரசு அனுப்பிய ஆபரேஷன் கங்கா மீட்பு விமானத்தில் ஊர் வந்து சேர்ந்தாள். புத்தகங்களை விட்டுவிட்டாள். பாட்டி கொடுத்த கிஸ்ட்காவை பென்சில் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதைப் பார்த்து இங்கே ஒரு நகை ஆசாரி எனக்கும் செய்து கொடுத்தார். "சித்தி, மெழுகு இன்னும் சூடு ஏறலீங்க, அவசரப்படாதீங்க" என்று அவள் சொல்லச் சொல்லத்தான் என் கைக்குப் பழகியது. அப்படியொரு ஊரிலிருந்து உயிரோடு வந்த பிள்ளை, உங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இதைப் போய் ரஷ்ய முட்டைன்னு போட்டிருக்காங்களே" என்று கேட்டாள். அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ரஷ்யாவுக்கும் ஈஸ்டர் முட்டை மரபு உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. 1885-ல் மூன்றாம் அலெக்சாண்டர் மன்னர் தன் மனைவிக்காக ஃபேபர்ஜேவிடம் செய்யச் சொன்ன முட்டையில் தொடங்கி, தங்கமும் மணியும் இழைத்த முட்டைகள் உலகப் புகழ் பெற்றவை. அவை அரண்மனைச் சரக்கு, பொற்கொல்லர் வேலை. பிசாங்கா வேறு. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பிசாங்காவைச் சேர்த்தபோது, உக்ரைனும் எஸ்தோனியாவும் சேர்ந்து கேட்டு, உக்ரைனிய மரபு என்ற பெயரில்தான் சேர்த்தார்கள். உக்ரைனின் லிவிவ் நகரில் 2013-ல் தோண்டியெடுத்த சுமார் 500 ஆண்டுப் பழைய பெருவாத்து முட்டை ஒன்றில் மெழுகுக் கோட்டு அலைகள் இன்னும் தெரிகின்றன. சோவியத் ஆட்சியில் மதச் சடங்கு என்று இதை ஒதுக்கி வைத்தார்கள். கிராமத்துப் பெண்களும், கடல் கடந்து குடியேறியவர்களும்தான் விடாமல் காப்பாற்றினார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் வெக்ரவில் என்ற சிற்றூரில் 1975-ல் அலுமினியத்தில் ஒரு ராட்சத பிசாங்காவையே நிறுத்தியிருக்கிறார்கள், காற்று வீசும் பக்கம் திரும்புகிற மாதிரி.

ஸ்லாவிய மொழிகள் பேசும் மற்ற மக்களுக்கும் தனித்தனி முறைகள் இருக்கின்றன. போலந்தின் வோவிச் பகுதியில் வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டுவார்கள். செக் நாட்டில் வைக்கோலைப் பிளந்து ஒட்டுவதும், சாயம் ஏற்றிய ஓட்டைக் கத்தி முனையால் சுரண்டிப் படம் எடுப்பதும் உண்டு. ஜெர்மனியின் கிழக்கே லுசாத்தியாவில் வாழும் சோர்ப் மக்கள் இறகின் முனையை முக்கோணமாக நறுக்கி, மெழுகில் தொட்டு முட்டையில் ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். இத்தனையையும் 'ரஷ்ய' என்ற ஒரே பைக்குள் போட்டுக் கட்டியது நியாயமில்லை.

சின்னங்களைப் பற்றி உங்கள் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பெரிய குறை. பிசாங்காவில் எதுவும் சும்மா அழகுக்காக நிற்பதில்லை. முட்டையை முதலில் குறுக்கும் நெடுக்கும் கோடிட்டுப் பாகம் பிரிப்பார்கள். இரண்டு, நாலு, எட்டு என்று போய், நாற்பது முக்கோணம் வரை பிரிக்கிற ஒரு வகை உண்டு. தவக்காலத்தின் நாற்பது நாளைக் குறிப்பது என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். முட்டையைச் சுற்றி முடிவில்லாமல் வளைந்து ஓடும் அலைக்கோடு ஒன்று உண்டு. அதில் மாட்டிய கெட்ட ஆவி வழி தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்குமாம். கோதுமைக் கதிரும் வைக்கோல் வாரும் பல்வாரியும் விளைச்சலுக்கு. ஊசியிலை மரம் உடல் நலத்துக்கு. மான் பலத்துக்கும் செல்வத்துக்கும். கோழிக்கால் குஞ்சுகளைக் காப்பதற்கு. ஏணி, மேலே போகிற ஜெபம். கீவைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய நாடு 988-ல் கிறிஸ்தவத்தை ஏற்பதற்கு முன்பிருந்தே சூரியனும் நட்சத்திரமும் இருந்திருக்கின்றன. பிறகு அதே முக்கோணம் தந்தை, மகன், தூய ஆவி என்ற தமத்திரித்துவம் ஆனது, மீன் கிறிஸ்துவுக்கு அடையாளம் ஆனது. பழையதை அழிக்காமல் புதிய பொருளை மேலே ஏற்றியிருக்கிறார்கள்.

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து நிறமும் மாறும். சின்னப் பிள்ளைகளுக்கு வெள்ளை நிறைய விட்ட வெளிர் முட்டை, இன்னும் எழுதப்படாத வாழ்க்கை என்பதால். வயதானவர்களுக்கு அடர் நிறத்தில் வேலை நிறைந்த முட்டை. மாட்டின் தீவனத் தொட்டியில் ஒரு பிசாங்கா வைத்தால் கன்று சுகமாகப் பிறக்கும், பால் குறையாது என்று வைப்பார்கள். காங்கேயம் மாடு கட்டிய வீட்டில் பிறந்து, பட்டிப்பொங்கலன்று சாணத்தில் தெப்பக்குளம் கட்டி, மாட்டுக்குப் பொங்கல் ஊட்டி வளர்ந்த எனக்கு இது துளியும் அந்நியமாகப் படவில்லை. கார்பாத்தியத்தில் வாழும் ஹுட்சுல் மலை மக்களிடம் ஒரு கதை இருக்கிறது. மலையில் சங்கிலியால் கட்டப்பட்ட ஒரு கொடிய பூதம் ஒவ்வொரு வருடமும் ஆளனுப்பி எத்தனை பிசாங்கா செய்தார்கள் என்று எண்ணிப் பார்க்குமாம். குறைந்தால் சங்கிலி தளரும், நிறைந்தால் இறுகும். 2022-க்குப் பிறகும் அந்த ஊர்ப் பெண்கள் விடாமல் செய்துகொண்டிருப்பதை நினைக்கும்போது இந்தக் கதையை வெறும் கதை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இனி அந்தக் குழந்தைகள் குறிப்பு. உக்ரைனில் தின்பதற்கான ஈஸ்டர் முட்டை தனி, அதற்குக் கிராஷாங்கா என்று பெயர். அவித்து ஒரே நிறம் ஏற்றியது. பிசாங்கா அவிக்காத முட்டையில் செய்வது, தின்பதற்கில்லை. போஸ்டர் கலரும் துணிச் சாயமும் அடித்த முட்டையைத் தயவுசெய்து பிள்ளைகளிடம் உரித்துக் கொடுக்காதீர்கள். ஓட்டில் நுண்துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அவற்றின் வழியாகச் சாயம் உள்ளே போகும். தின்ன வேண்டுமானால் வெங்காயத் தோல் போதும். சின்ன வெங்காயத் தோலை ஒரு பை சேர்த்து வைத்து, கொஞ்சம் வினிகர் விட்டு முட்டையோடு கொதிக்க வைத்தால் நல்ல செம்மண் நிறம் கிடைக்கும். ஈரோட்டு மஞ்சள் பளிச்சென்று பிடிக்கும், ஆனால் வெயிலில் வெளுத்துவிடும், அது மஞ்சளின் குணம். சிவப்பு முட்டைக்கோசு வேகவைத்த தண்ணீர் பார்க்க ஊதாவாக இருக்கும். ஓட்டின் சுண்ணாம்பு பட்டதும் நீலமாகிவிடும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் வேதியியல் பாடமும் சேர்ந்து போகும்.

பிசாங்கா செய்யக் கொங்கு நாட்டைவிடத் தோதான இடம் தேடினாலும் கிடைக்காது என்பது என் எண்ணம். நாமக்கல் முட்டை வெள்ளை ஓடு, நம் கடைகளுக்குக் கழுவாமலேதான் வருகிறது. சாயம் தெரிந்த கைகள் திருப்பூரிலும் ஈரோட்டிலும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. தேன்மெழுகு சத்தியமங்கலம் மலைப்பக்கம் தேன் எடுக்கிறவர்களிடம் கேட்டால் கிடைக்கும். சாதாரண மெழுகுவத்தி மெழுகு வேண்டாம், அது ஓட்டில் ஒட்டாமல் செதில் செதிலாகப் பெயர்ந்து சாயத்தை உள்ளே விட்டுவிடும். ஒன்றை மட்டும் நம் ஊருக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். அங்கே குளிர், முழு முட்டையை அப்படியே வைத்தால் உள்ளே மெல்லக் காய்ந்துவிடும். நம் சித்திரை வெயிலில் உள்ளே அழுகி வெடித்துவிடும். இரண்டு முனையிலும் துளையிட்டு, ஊதி வெளியேற்றிவிடுவதே நல்லது. சாயத்துக்கு முன்பே வெளியேற்றியதை ஆம்லெட் போட்டுக்கொள்ளலாம். முதலில் வெளியேற்றினால் முட்டை சாயத்தில் மிதக்கும், கரண்டியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கடைசியில் வெளியேற்றினால் உடைகிற பயம். முதலில் எடுப்பதுதான் என் கட்சி.

இன்னொன்று. வினிகர் சாயம் மாதக்கணக்கில் கெடாது. வேலை முடிந்ததும் சாக்கடையில் ஊற்றாமல் மூடிபோட்டு எடுத்து வையுங்கள். நொய்யல் ஆறு எந்த நிறத்தில் ஓடியது என்று பார்த்தவள் நான். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவில் பட்டறைகள் மூடியபோது வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவளும்தான். ஒரு டம்ளர் சாயம்தானே என்ற பேச்சு என் வீட்டில் நடக்காது.

நம் புள்ளிக் கோலத்தையே முட்டையில் போட்டால் என்ன என்று எங்கள் தேவாலயப் பங்கில் சிலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம், நானும் போடுகிறேன். ஆனால் அதைப் பிசாங்கா என்று சொல்லக் கூடாது. முறை அவர்களுடையது, கோலம் நம்முடையது என்று இரண்டையும் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. அடுத்த ஞாயிறு இணைப்பிதழில் அந்தத் தலைப்புக்கும் போஸ்டர் கலர் குறிப்புக்கும் திருத்தம் போடுங்கள். அடுத்த தவக்காலத்தில், ஈஸ்டருக்கு ஒரு மாதம் முன்னதாகவே, செய்முறையைப் படங்களோடு வெளியிடுங்கள். கிஸ்ட்கா இல்லாத பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. பென்சிலின் ரப்பர் முனையில் குண்டூசியைக் குத்தி, அதன் தலையை உருகிய மெழுகில் தொட்டு, முட்டையில் வைத்து இழுத்தால் கண்ணீர்த்துளி வடிவில் ஒரு கோடு விழும். அந்தத் துளிகளை வைத்தே சூரியன், பூ, கதிர் எல்லாம் செய்துவிடலாம். போலந்திலும் செக் நாட்டிலும் இப்படியே செய்கிறார்கள். சுடர் இருப்பதால் பெரியவர் ஒருவர் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அவிநாசி, திருப்பூர், கோவைப் பக்கம் எந்தப் பள்ளியோ பங்கோ கூப்பிட்டாலும் சனிக்கிழமைகளில் வரத் தயார். லீவு கிடைத்தால் அக்கா மகளும் வருவாள். மெழுகு, கிஸ்ட்கா, குண்டூசி, சாயம் எல்லாம் நான் கொண்டுவருகிறேன். முட்டை மட்டும் அவர்கள் வாங்கி வைக்கட்டும். கழுவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சாய ஆய்வகப் பணியாளர்,
அவிநாசி.